எட்டாவது இடம்

ஒன்பது பிள்ளைகளுக்குப் பத்து வரிசையில் மதிப்பெண் போட்டிருந்தேன். இதை நான் கண்டுபிடித்தது அன்று மாலை ஆறேகால் மணிக்கு, தென்காசியில், என் வீட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தில் நகல் எடுக்கும்போது. கூட்டல் தவறு என்றால் சிவப்பு மையால் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டுவிடலாம். இது கூட்டல் தவறு இல்லை.

நான் தமிழாசிரியர். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுதுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, மழை எப்போது விட்டது, யார் என்ன சொன்னார்கள். "கரண்டுக் கணக்கு எடுக்க வாறவரு கூட இம்புட்டு எழுதமாட்டாரு" என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். ஆனால் இந்தப் பழக்கம் இருந்ததால்தான் அந்த இரண்டு நாட்களைப் பற்றி என்னால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை எங்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கலந்துரையாடல் மூன்றையும் வெளியாள் ஒருவர் பார்த்து மதிப்பிட வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை மூன்று படியாகப் பிரிப்பார்கள்; மூன்றாம் படிதான் உயர்ந்தது. முதல் படியில் விழுந்த பிள்ளை அந்த வருடம் முழுக்க மதிய வேளையில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். கலந்துரையாடலில் 'சொந்தக் கருத்து' என்ற கட்டத்தில் சுழியம் வாங்கினால், மற்றதில் எத்தனை வாங்கியிருந்தாலும் முதல் படிதான்.

அந்த வருடம் எனக்குக் கிடைத்தது குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் வழியில், சாலையை விட்டு மேட்டில் இருக்கும் சிறிய பள்ளி. சீசன் நேரம். பேருந்து முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் வாடையும். சிப்ஸ் கடைகளையும் பழக்கடைகளையும் தாண்டி இறங்கிப் பத்து நிமிடம் ஏறினேன். பத்து மணி ஆகியும் வகுப்பறையில் விளக்கு எரிந்தது. சாரல் விழுகிறது என்று சொல்ல முடியாது. மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கரும்பலகையை நனைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வகுப்பாசிரியை ஒவ்வொரு தடவையும் துணியால் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் எழுதினார். முப்பது வயதுக்குள் இருக்கும். சுறுசுறுப்பானவர்.

முதலில் வாசிப்பு. ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்று அட்டையைப் படித்தார்கள். ஒன்பது பேர். பட்டியலில் கடைசியாக இருந்த பெண் மெதுவாகப் படித்தாள். பிழை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். யாரும் இல்லாத பக்கம் அது. பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது பழக்கம் இருக்கும். 'தடையின்றி, தாழ்ந்த குரல்' என்று குறித்தேன்.

அடுத்து எழுத்து. 'மழை நாளில் நான் செய்வது' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம். கப்பல் விடுவேன், பஜ்ஜி தின்பேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசிப் பெண் ஐந்து வாக்கியத்தையும் தன் தோழியைப் பற்றி எழுதியிருந்தாள். தோழி குடை எடுப்பதில்லை. தோழி நனைந்தாலும் தும்முவதில்லை. தோழி ஓடையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுவதில்லை. கையெழுத்து அழகு. தலைப்பை விட்டு விலகியதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

பதினொன்று ஐம்பதுக்குக் கலந்துரையாடல். இங்கே அந்த வகுப்பின் முறையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியை ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வந்தார். சிரட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசும்போது முதலில் தனக்கு முன்னால் பேசியவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே தன் கருத்து. மற்றவர் பேசும்போது காதை எங்கோ வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. என் பள்ளியிலும் செய்ய வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நான் வட்டத்துக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன். பெயர் பார்த்துக் குறிக்க நேரம் போதாது என்பதால், மடியில் இருந்த தாளில் உட்கார்ந்திருந்த வரிசைப்படி எண் போட்டுக்கொண்டே போனேன். 'பலத்த மழை பெய்யும் நாளில் பள்ளிக்கு விடுமுறை விட வேண்டுமா?' என்பது தலைப்பு.

மூன்றாவது இடத்தில் இருந்தவன் சிப்ஸ் கடைக்காரர் மகன். "அவ லீவு வேணும்னு சொல்லுதா. நான் வேண்டாம்னு சொல்லுதேன். லீவு விட்டா எங்கப்பா கடையில வாழக்காத் தோலு உரிக்க விட்டுருவாரு. அதுக்குப் பள்ளிக்கூடமே தேவலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏலே, நீ உரிச்ச சிப்ஸத்தான் ஊரே திங்குது, கைய கழுவுனியால?" என்றாள் எதிரில் இருந்தவள்.

"சிரட்டை உங்கிட்டயா இருக்கு? பேசாம இரு" என்றார் ஆசிரியை.

இப்படியே ஏழாவது பையன் வரை வந்தது. அவன் பேசி முடித்துவிட்டு, சிரட்டையைத் தன் இடப்பக்கத்தில் பாயின் மேல் வைத்தான். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆசிரியையும் திரும்பினார். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. இருமல் வந்த பிள்ளை ஒன்று கையால் வாயைப் பொத்திக்கொண்டது. வெளியே காற்று திசை மாறி, அருவியின் இரைச்சல் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது.

பிறகு அடுத்து இருந்த பெண், பட்டியலில் கடைசியாக இருந்தவள், கையை நீட்டிச் சிரட்டையை எடுத்துக்கொண்டு பேசினாள். "லீவு விட்டா ரோட்டுல வண்டிக்குப் பயப்பட வேண்டாம்னு அவன் சொன்னது சரிதான்னு அவ சொல்லுதா. ஆனா லீவு விடக்கூடாதாம். மழையில வீட்டுலயே இருந்தா வீட்டுல யாரு இல்லைங்கது தெரிஞ்சிக்கிட்டே இருக்குமாம். பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பேருக்கு நடுவுல தெரியாதாம்."

வாசிக்கும்போது கேட்ட குரலா இது என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. சொல்லிவிட்டுச் சிரட்டையை அடுத்த பிள்ளையிடம் கொடுத்தாள். அந்தப் பிள்ளையும் "வீட்டுல யாரு இல்லைங்கது தெரியும்னு அவ சொல்லுதா" என்று தொடங்கிப் பேசியது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முடிந்தது.

இதில் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அத்தனை பேர் ஒரு திசையில் பார்த்துக் காத்திருந்ததால் நானும் பார்த்தேன், காத்திருந்தேன். எட்டு என்று எண் போட்டு, கவனித்தல் ஐந்து, முன்னவர் சொன்னதைச் சொல்லுதல் ஐந்து, சொந்தக் கருத்து ஐந்து, காரணம் ஐந்து என்று எழுதினேன். அடுத்து ஒன்பது என்று எண் போட்டு, முன்னவர் சொன்னதைச் சொல்லுதல் ஐந்து, சொந்தக் கருத்து சுழியம் என்று எழுதினேன்.

மதிய உணவின்போது ஒன்று கவனித்தேன். சமையல்கார அம்மாள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முட்டை வைத்தார். பட்டியலின் கடைசிப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு. வைத்துவிட்டுக் குனிந்து அவள் காதருகே ஏதோ கேட்டார். அவள் ஏதோ பதில் சொன்னாள். அம்மாள் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். சொந்தக்காரப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாலையில் தாள் என் முன்னால் இருந்தது. பத்து எண். பெயர்கள் ஒன்பது. எட்டாம் எண்ணுக்கு எதிரே எந்த முகத்தையும் என்னால் வைக்க முடியவில்லை. பாய் மட்டும் நினைவு வந்தது. கோரைப் பாய், ஓரத்தில் சிவப்புக் கோடு. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்தப் பாய்க்குத்தான் போட்டிருந்தேன்.

ஆசிரியைக்குப் போன் செய்தேன். "டீச்சர், எட்டாவதா உக்காந்திருந்த பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது மாதிரி இருந்தது.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், அது… அங்கன யாரும் இல்ல சார்" என்றார்.

முழுவதையும் அன்றுதான் சொன்னார். போன மார்கழியில் வகுப்பில் ஒரு பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல். கெட்டிக்காரி. வட்டத்தில் எட்டாவதாக உட்காருவாள். சமையல்கார அம்மாளின் ஒரே மகள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை கலந்துரையாடலில், ஏழாவது பையன் பழக்க தோஷத்தில் சிரட்டையை அந்த இடத்தில் வைத்துவிட்டான். யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல ஆசிரியைக்கும் வாய் வரவில்லை. அப்போது பக்கத்தில் இருந்த தோழி அதை எடுத்து, "அவ சொல்லுதா" என்று தொடங்கினாள்.

"ரெண்டு வாரத்துல மறந்துரும்னு நெனச்சேன் சார். பிள்ளைங்கதான? ஆனா நிக்கவே இல்ல. வகுப்பு மாறி அஞ்சாவதுக்கு வந்தும் அதே மாதிரிதான் உக்காருதாங்க. இதுல என் தப்பும் உண்டு. உண்மையச் சொல்லுதேன், அவ என்ன சொல்லப்போறான்னு நானே காத்துக்கிட்டு இருப்பேன்."

"அந்தத் தோழி சொந்தமா ஏதாவது பேசுதாளா?"

ஆசிரியை யோசித்தார். "இல்ல சார்" என்றார். "நீங்க கேக்கவும்தான் எனக்கே தோணுது. மார்கழிக்கு அப்புறம் அவ தன்னோட பேச்சுன்னு ஒண்ணும் பேசல. நான் கேட்டாலும் தலையத்தான் ஆட்டுதா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், அவள முதல் படியில போட்டுராதீங்க. ஒண்ணாம் வகுப்புல கொண்டு உக்கார வச்சா அந்தப் பிள்ளை அப்படியே அமுங்கிப் போயிரும். அடுத்த வருஷம் தென்காசிக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளை."

என் தாளில் அவளுக்குச் சொந்தக் கருத்து சுழியம். எட்டாம் எண்ணின் மதிப்பெண்ணைத் தூக்கி அவளுக்குப் போட்டால் சரியாகிவிடும். பேசியது அவள் வாய்தானே. ஆனால் அவளே அதைத் தன் பேச்சு என்று சொல்லவில்லை. மனதுக்கு எது நல்லதாகப் படுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிற ஆள் நான் இல்லை. மறு மதிப்பீடு செய்ய ஒரு தடவை அனுமதி உண்டு. மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றேன்.

அந்த நாளும் மேகம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. கலந்துரையாடல் மட்டும் வைத்தால் போதும். தலைப்பை மாற்றவில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். எட்டாவது இடத்தை யாரும் சொல்லாமலே விட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை உட்காரும் அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்தேன்.

இதைத்தான் வீட்டில் யோசித்து முடிவு செய்து வந்திருந்தேன். அந்த இடத்தில் உயிருள்ள ஓர் ஆள் இருந்து பேசினால், அடுத்த பெண் அவர் சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதன் பிறகு தன் கருத்தையும் சொல்ல வேண்டிவரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"சார், அங்கன…" என்று சிப்ஸ் கடைக்காரர் மகன் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான்.

பாய் குளிர்ந்திருந்தது. சாரல் பட்ட பாய், குளிராமல் என்ன செய்யும். மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடமும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் தொட்டுப் பார்க்கவில்லை. சமையல்கார அம்மாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கம்பியைப் பிடித்திருந்த கையில் அரிசி மாவோ உப்போ வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படி வந்து நிற்பார் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

சுற்று தொடங்கியது. ஏழாவது பையன் பேசிவிட்டு, என்னைப் பார்க்காமல், சிரட்டையை என் மடிக்கு முன்னால் பாயில் வைத்தான். நான் எடுத்தேன். அவன் சொன்னதைச் சொன்னேன். பிறகு என் கருத்தைச் சொன்னேன். இரண்டு காரணம் யோசித்து வைத்திருந்தேன், இரண்டையும் சொன்னேன். சிரட்டையை நீட்டினேன்.

அந்தப் பெண் வாங்கவில்லை. என் உள்ளங்கையில் இருந்த சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு விரலால் எடுத்தாள்.

"அவ சொல்லுதா" என்றாள். அதே தெளிவான குரல். "சாரு தன் எடத்துல உக்காந்திருக்காராம். எந்திரிக்க வேண்டாமாம். ஆனா சாருக்குக் காலு மரத்துப்போவுமாம்."

என் இடது கால் மரத்துப்போயிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் தரையில் சம்மணம் போட்டால் மரக்கத்தான் செய்யும். இதையும் எழுதிவைக்கிறேன்.

"அவளுக்கும் அப்படித்தான் மரத்துச்சாம். மொதல்ல காலு. அப்புறம் கை."

பிள்ளைகள் யாரும் பயந்தது மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாடம் கேட்பது போல முதுகை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்?" என்றது ஜன்னல் பக்கத்துக் குரல். "அப்புறம் என்ன சொல்லுதாட்டி?"

பெண் ஜன்னலைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் பேசிவிட்டேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"அவ சொன்னதச் சொல்லிட்ட. அது பாதிதான். உங்க டீச்சர் வச்ச விதி என்ன? அப்புறம் நீ சொல்லணும். நீ என்ன சொல்லுத?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருவரும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. ஆசிரியை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். மேகம் ஒரு தடவை உள்ளே வந்து எங்கள் நடுவில் நின்றுவிட்டுப் போனது. அந்த நேரம் எதிரில் இருந்த பிள்ளைகளின் முகம் மறைந்து கால்கள் மட்டும் தெரிந்தன. மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

"அவ ஒண்ணும் சொல்லல" என்றாள். இது வேறு குரல். வாசிப்பு அட்டையைப் படித்த அந்தத் தாழ்ந்த குரல். "அவ என்னைக்குமே ஒண்ணும் சொன்னதில்ல. நான் காத நல்லா வச்சுத்தான் கேட்டேன். ஒண்ணுமே கேக்கல. எல்லாம் நான் சொன்னதுதான்."

யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

"லீவு விடக்கூடாது" என்றாள். "அதுவும் நான் சொன்னதுதான். எனக்குத்தான் வீட்டுல இருந்தா…" அதற்கு மேல் சொல்லவில்லை. சிரட்டையை விடவும் இல்லை.

ஜன்னலில் இருந்த அம்மாள் போகவில்லை. "முட்டைக்காகவாட்டி சொன்ன?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டார்.

"இல்ல அத்தை" என்றாள் பெண். "நீங்க கேட்டீங்கல்லா."

அம்மாள் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு விரலாக எடுத்தார் என்று என் குறிப்பில் இருக்கிறது. சமையல் கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அன்று சோறு பதினைந்து நிமிடம் தாமதம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முட்டை. அந்தப் பெண் தன்னுடையதை இரண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டு முழுவதையும் தின்றாள்.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். முதல் நாள் எட்டாம் எண்ணில் இருந்த கருத்தும் காரணமும் அவளுடையவை என்று அவளே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். சாட்சி உண்டு. எட்டாம் வரிசையை அடித்து, அந்த மதிப்பெண்களை அவள் பெயருக்கு எதிரே எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். எழுத்தில் குறைத்த இரண்டு மதிப்பெண்ணைத் திரும்பத் தரவில்லை. மூன்றாம் படி. ஆசிரியை படிவத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாணவிகளைக் கூப்பிட்டுப் பாயை உதறிச் சுருட்டச் சொன்னார்.

இனி அந்த ஓரிடம். பேருந்து நிறுத்தம் வரை ஆசிரியை கூட வந்தார். நாட்குறிப்பில் எழுதுவதற்காக, வட்டத்தில் நான் சொன்ன இரண்டு காரணங்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. காலையில் பேருந்தில் நினைத்து வைத்ததுகூட வரவில்லை. எனக்கு இப்படி ஆவதில்லை.

"டீச்சர், என் முறை வந்தப்ப நான் என்ன காரணம் சொன்னேன்? ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் நின்றுவிட்டார். விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே சார்."

"சொன்னேனே. பையன் சொன்னதச் சொல்லி, அப்புறம்…"

"இல்ல சார். சிரட்டைய கையில எடுத்துக்கிட்டுச் சும்மாத்தான் இருந்தீங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கும். ஏதோ திட்டம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நாங்களும் வழக்கம்போலக் காத்துக்கிட்டு இருந்தோம்."

பேருந்து வந்தது. பன்னிரண்டாம் இருக்கை, ஜன்னல் ஓரம். சீசனுக்கு வந்த குடும்பம் ஒன்று வறுத்த கடலையைப் பங்கு போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தது. தென்காசி வந்து சேரும் வரை இடது கால் சரியாகவில்லை. அன்றைய பக்கத்தில், என் காரணங்கள் வர வேண்டிய இடத்தில் நான்கு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப இப்போது முயல்வதில்லை.

மூன்று வாரம் கழித்து ஆசிரியை போனில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார். வெள்ளிக்கிழமை கலந்துரையாடல். 'அந்தப் பிள்ளை பேசுதா சார், நீங்களே கேளுங்க' என்று எழுதியிருந்தார். மதியம் ஆசிரியர் அறையில், மற்றவர்கள் வகுப்புக்குப் போன பிறகு, போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். சீசன் கடைகளைச் சாலையோரம் வைக்க விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிப்ஸ் கடைக்காரர் மகன் உயிரைக் கொடுத்து வாதாடினான். ஒருத்தி அவனைக் கேலி செய்தாள். ஏழாவது பையன் பேசி முடித்தான்.

அதன் பிறகு பதிவில் ஒன்றும் இல்லை. இரைச்சல் மட்டும். அருவியோ மழையோ தெரியவில்லை. போன் நின்றுவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிரட்டையை அவன் அவள் கையில் கொடுத்தானா, பாயில் வைத்தானா என்பதைச் சத்தத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. முப்பது விநாடி போனது. அப்போது தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே இருந்து, அந்த அம்மாளின் குரல் கேட்டது. கெஞ்சுகிற குரல்.

"சத்தமாச் சொல்லுட்டி. இங்கன கேக்கல."

அவர் யாரிடம் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். இன்னும் பதினோரு விநாடி யாரும் பேசவில்லை.

"அவன் கடைய எடுக்கணும்னு சொல்லுதான்" என்றாள் பெண். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நான் சொல்லுதேன், எடுக்க வேண்டாம். ஒரு ஓரமாத் தள்ளி வைக்கலாம்."

"ஏட்டி…" என்றது ஜன்னல்.

"நான்தான் அத்தை பேசுதேன்" என்றாள். பிறகு இரண்டு காரணம் சொன்னாள். முதல் காரணம் சரி. இரண்டாவது அவ்வளவு சரியில்லை, நடுவில் குழம்பி, சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரை சொல்லி முடித்தாள்.